தவளைக்கும் நமக்கும் ஒரே ஹார்மோனா?

கேள்வி: மழை விட்டதும் கெடிலம் ஆத்தோரத்துல தவளைங்க விடிய விடிய கத்துது சார், அதோட மூளையில இருக்கற ஹார்மோனும் ரிசப்டரும் நமக்கும் இருக்குன்னு காலேஜ் படிக்கிற என் பொண்ணு சொல்றா, கதை விடுறாளா?
– ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: கதை இல்லீங்க, கிட்டத்தட்ட சரிதான். அந்த ஹார்மோன் தவளைக்கு வாசோடோசின், நமக்கு வாசோபிரசின், ரெண்டுமே 9 அமினோ அமிலம் (புரோட்டீனைக் கட்டற செங்கல்) கோத்த குட்டிச் சங்கிலி, மூணாவது இடத்துல மட்டும் அதுக்கு ஐசோலூசின் நமக்கு ஃபினைல்அலனின், மத்த 8-ம் அப்படியே ஒண்ணு. இதைப் பிடிச்சுக்கற ரிசப்டரும் ஒரே குடும்பம், செல் சவ்வை 7 தடவ குறுக்கால தைச்சுட்டுப் போற புரோட்டீன். வாசோடோசின் ஊசி போட்டா பல இனத்துல ஆண் தவளை இன்னும் கூடுதலா கத்துது, அதே சரக்கு மூத்திரப்பையிலயும் வேலை செஞ்சு தண்ணிய உடம்புக்குள்ள திருப்பி இழுக்குது, நம்ம கிட்னி தண்ணிய மிச்சம் பிடிக்கறதும் இதே டெக்னிக்தான். (அதுக்காக தவளைக்கும் நம்மள மாதிரி லவ் வருதுன்னு எவனாவது வாட்ஸ்அப்புல அனுப்புனா நம்பாதீங்க.)

இன்னொண்ணும் பொண்ணுகிட்ட சொல்லுங்க, ஐரோப்பாவுல ஒரு தேரையோட தோல்லேர்ந்து பாம்பெசின்னு ஒரு பெப்டைட (இதுவும் அமினோ அமிலம் கோத்த குட்டிச் சங்கிலிதான்) எடுத்தாங்க, அப்புறம் பார்த்தா அதுக்குச் சொந்தக்காரப் பெப்டைடும் ரிசப்டரும் பாலூட்டிங்ககிட்டயும் இருக்கு, சுண்டெலி முதுகுத்தண்டுல அந்த ரிசப்டர்தான் அரிப்பை மூளைக்குக் கடத்த உதவுதுன்னு 2007-ல தெரிஞ்சுது.