இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைக்கிறாள்

கேள்வி: என் மகளுக்குப் 16 வயது. ஆறு மாதத்தில் 52 கிலோவிலிருந்து 41 கிலோவாகிவிட்டாள். ஒரு இட்லியை இருபது துண்டாகப் பிய்த்து அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று மாதமாக மாதவிலக்கும் இல்லை. ‘நல்லா போட்டு ஊட்டு, சரியாயிடும்’ என்கிறார் மாமியார். சரியாகுமா?
- ஒரு வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: நீங்கள் சொல்வது அனோரெக்ஸியாவாக, அதாவது குண்டாகிவிடுவோமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் மனநலக் கோளாறாக இருக்க வாய்ப்பு அதிகம். எடையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. இந்த வாரமே டாக்டரிடம் காட்டுங்கள். படுத்தும் நின்றும் பி.பி., நாடித்துடிப்பு, இ.சி.ஜி., ரத்தத்தில் சர்க்கரை, பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம் பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போதே நாடி 50க்குக் கீழே இருந்தாலோ, மயங்கி விழுந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனை நார்மல் என்று வந்தாலும் நிம்மதியாகிவிடாதீர்கள், இந்த நோயில் அது வெகுநாள் நார்மலாகவே காட்டும்.

அதுவரை திடீரென்று அள்ளிப் போட வேண்டாம். பட்டினி கிடந்த உடம்புக்குள் மாவுச்சத்து மளமளவென்று போனால் இன்சுலின் சுரந்து, ரத்தத்திலுள்ள பாஸ்பேட்டைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். ரத்தத்தில் அது குறைந்துபோனால் இதயத் துடிப்பே தடுமாறலாம். முதல் இரண்டு வாரம்தான் ஆபத்து. எவ்வளவில் தொடங்குவது என்று டாக்டர் சொல்லட்டும்.

பிறகு சாப்பாட்டுப் பொறுப்பு முழுக்கப் பெற்றோர் கையில். மூன்று வேளைச் சாப்பாடு, இரண்டு மூன்று முறை சிற்றுண்டி. என்ன, எவ்வளவு என்பதை நீங்களே தட்டில் வையுங்கள். இட்லிப் பொடியில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் ஊற்றுவதும் அவள் முடிவாக இருக்கக் கூடாது. ஒருவர் கூடவே உட்காருங்கள். கலோரி விவாதம் வேண்டாம். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் பாத்ரூம் பக்கம் தனியாக விடாதீர்கள், வாந்தி எடுத்துவிடக்கூடும். கத்துவாள், அழுவாள். பட்டினி மூளையையே பிடித்து ஆட்டுகிறது, அவளைப் பிடிவாதக்காரி என்று நினைத்துவிடாதீர்கள்.

எடை வாரம் ஒருமுறை, சிறுநீர் கழித்தபின் பாருங்கள். முன்னதாகத் தண்ணீரைக் குடித்துவிட்டு ஏறுவது சகஜம். வாரம் அரை கிலோ ஏறினால் நல்ல முன்னேற்றம். ‘கொஞ்சம் பூசினாப்ல இருக்கே’ என்று யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாம் பாராட்டாகச் சொல்வது அவள் காதில் ‘குண்டாயிட்டே’ என்றுதான் விழும், அடுத்த வேளைத் தட்டு அப்படியே இருக்கும்.

மாதவிலக்கு எடை தேறினால் திரும்பும். அதற்கென மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

குடும்பத்தோடு பெறும் இந்தச் சிகிச்சை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை போகும். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவு இருக்கிறது. தமிழிலேயே பேச, அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416: இலவசம், 24 மணி நேரமும்.