60 டேப்களில் ஒன்றைத் தேடிப்பிடிக்க

4 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப், ஃபயர்பாக்ஸில் 60 டேப், வேண்டியது எங்கே என்று தெரியவில்லை, எல்லாம் மெதுவாகவும் இருக்கிறது என்கிறீர்கள். முகவரிப் பட்டியில் % போட்டு, ஒரு இடைவெளி விட்டு, தலைப்பில் வரும் சொல்லைத் தட்டுங்கள். திறந்திருக்கும் டேப்கள் மட்டும் வரும். இடைவெளி விட மறந்தால் சாதாரணத் தேடலாகிவிடும், பலர் சறுக்குவது இங்கேதான். ^ போட்டால் ஹிஸ்டரி, * போட்டால் புக்மார்க்.

குரோமில் இதற்கு கன்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ. சமீபத்தில் மூடிய டேப்களையும் காட்டுவதால் இந்த ஒரு விஷயத்தில் அதுவே மேல்.

மெதுவாக இருப்பதற்கு: ஃபயர்பாக்ஸில் ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்துங்கள், எந்த டேப் மெமரியைத் தின்கிறது என்று தெரியும். ஃபயர்பாக்ஸ் 140 முதல் அந்த டேப்பில் ரைட் கிளிக் செய்து அன்லோட் கொடுக்கலாம். டேப் அங்கேயே இருக்கும், மெமரி மட்டும் விடுபடும். திரும்பக் கிளிக் செய்தால் பக்கம் புதிதாக லோடாகும். பாதி நிரப்பிய படிவம் உள்ள டேப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.