அக்காவின் விடைத்தாளை எழுதியது யார்?

கேள்வி: மாதவரத்தை அடுத்துள்ள ஒரு மருந்து நிறுவனத்தில் தர உறுதிப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 31, பி.பார்ம். முடித்தவன். மாத்திரைகளும் இருமல் மருந்து போன்ற திரவ மருந்துகளும் தயாரிக்கிறோம். மருந்து உற்பத்திக்கான அரசு விதிகளான அட்டவணை எம் (Schedule M) திருத்தப்பட்டு வந்தபின், தொழிலாளர் பயிற்சித் திட்டத்தை நிறுவனத்துக்குள்ளேயே உருவாக்கும்படி முதலாளி என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். ஒவ்வொரு வேலையையும் எப்படிச் செய்வது என்று எழுதிவைத்த நாற்பது எஸ்.ஓ.பி.களுக்கு ஸ்லைடு தயாரித்து, மாதத்தின் கடைசி சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் வகுப்பு எடுத்து, பத்துக் கேள்விகளுக்கு ஆங்கிலத்தில் தேர்வும் வைக்கிறேன். எண்ணூர், கொடுங்கையூர்ப் பெண்களும் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்களும்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எல்லோருமே எட்டுக்கு மேல் வாங்குகிறார்கள். ஆனாலும் போன மாதம் ஒரு பேட்ச் (ஒரே தடவையில் தயாராகும் மருந்துத் தொகுதி) முடிந்து அடுத்தது ஓடிக்கொண்டிருந்தபோது, பழைய அட்டைப்பெட்டிகள் மேசைக்கு அடியிலேயே கிடந்தன. வெளி ஆலோசகரை அழைக்கலாமா, பயிற்சி மென்பொருள் வாங்கலாமா, தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்தலாமா? என் அக்காவும் இங்கேதான் 19 ஆண்டுகளாகப் பேக்கிங்கில் இருக்கிறார். எட்டாம் வகுப்போடு நின்றவர் என்பதால் அவருடைய தாளை மட்டும் நானே வீட்டில் நிரப்பிவிடுகிறேன், அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். அதனால் அவரால் பிரச்சினை இல்லை. மற்றவர்களை எப்படித் திருத்துவது?

— பெயர் வேண்டாம், தண்டையார்பேட்டை

பதில்: மற்றவர்களைப் பிறகு பார்ப்போம். மூன்று கேள்விகளை அடுக்கிவிட்டு, போகிற போக்கில் கடைசியாக ஒன்றை எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். அக்காவின் விடைத்தாளை நீங்கள் வீட்டில் உட்கார்ந்து நிரப்புகிறீர்கள், அவர் கையெழுத்து மட்டும் போடுகிறார், "அதனால் அவரால் பிரச்சினை இல்லை" என்று முடித்தும் விடுகிறீர்கள். மேசைக்கு அடியில் அட்டைப்பெட்டி கிடந்ததற்கான காரணம் அந்தத் தாளில்தான் இருக்கிறது, தம்பி.

ஒரு பதிவு எப்படி இருக்க வேண்டும் என்று உங்கள் ஸ்லைடிலேயே எழுதியிருப்பீர்கள். யார் செய்தது என்று தெரிய வேண்டும். படிக்க முடிய வேண்டும். செயல் நடக்கும்போதே எழுதப்பட்டிருக்க வேண்டும். மூலப் பதிவாக இருக்க வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும். உங்கள் துறையினர் அல்கோவா என்று சுருக்கிச் சொல்லும் இந்த ஐந்தில், அக்காவின் தாள் எதில் தேறுகிறது? படிக்க முடிகிறது, அவ்வளவுதான். மாத்திரையை எடை போடாமலேயே எடையை எழுதிவைக்கிற ஓர் ஆபரேட்டரைப் பிடித்தால் நீங்கள் டீவியேஷன், அதாவது நடைமுறை மீறல் பதிவு, எழுதி, விளக்கம் கேட்டு, அவர் வேலைக்கே உலை வைத்திருப்பீர்கள். நீங்கள் செய்திருப்பதும் அதே காரியம்தான். பாசத்தோடு செய்திருக்கிறீர்கள் என்பது மட்டுமே வேறுபாடு, அந்தப் பாசத்தைக் குறிக்க எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இப்போது அக்காவைப் பற்றிப் பேசுவோம். உங்களுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது அவர் அந்த ஆலைக்குள் நுழைந்திருக்கிறார். அவர் எட்டாம் வகுப்போடு நின்றதற்கும் நீங்கள் பி.பார்ம். வரை போனதற்கும் தொடர்பே இல்லை என்று நீங்கள் சொன்னால் நான் நம்பப்போவதில்லை. வட சென்னையிலிருந்து எனக்கு வரும் கடிதங்கள் பலவற்றில் இப்படி ஓர் அக்கா இருக்கிறார், தம்பியின் கல்லூரிக் கட்டணம் அவருடைய ஓவர்டைமிலிருந்து போயிருக்கிறது. அந்தக் கடனை நீங்கள் எப்படித் திருப்பியிருக்கிறீர்கள்? அவரால் கற்றுக்கொள்ள முடியாது என்று அவரைக் கேட்காமலேயே முடிவு கட்டிவிட்டீர்கள். தர உறுதி அதிகாரியின் உடன்பிறந்தவரே தோற்றுவிட்டார் என்று கேன்டீனில் பேசுவார்களே என்ற கூச்சம் உங்களுடையது. அதை அவருடைய படிப்பின் மேல் ஏற்றி எழுதியிருக்கிறீர்கள்.

அவரைக் காப்பாற்றிவிட்டதாக வேறு நினைக்கிறீர்கள். நாளை ஒரு பேட்ச்சில் லேபிள் மாறிப்போய், மருந்தைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற வேண்டிய நிலை வந்தால், விசாரணையில் முதலில் எடுக்கப்படுபவற்றில் ஒன்று, அன்றைக்கு அந்த லைனில் இருந்தவர்களின் பயிற்சிப் பதிவு. முந்தைய மருந்தின் பொருள் எதுவும் லைனில் மிஞ்சவில்லை என்று உறுதிசெய்யும் லைன் கிளியரன்ஸ் தேர்வில் பத்துக்கு ஒன்பது வாங்கியவர், தெரிந்திருந்தும் தவறியிருக்கிறார் என்றுதான் அதைப் படிப்பவர் எழுதுவார். எனக்கு அந்தக் கேள்வித்தாளைப் படிக்கவே தெரியாது என்று அக்கா சொன்னால், பொய்த்தாளில் கையெழுத்திட்டவர் ஆகிறார். சொல்லாமல் இருந்தால், குற்றம் முழுவதும் அவர் தலையில் விழும். 19 ஆண்டு வேலை பார்த்த ஒரு பெண்ணை இந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவைத்திருப்பவர் அவருடைய தம்பி.

இது உங்கள் இருவருக்குள் இருக்கும் இரகசியம் என்று எண்ணாதீர்கள். அக்கா அந்தத் தேர்வை எழுதுவதில்லை என்பது பேக்கிங் ஹாலில் உள்ள அத்தனை பெண்களுக்கும் தெரிந்திருக்கும். பயிற்சி என்றால் மாதத்துக்கு ஒரு கையெழுத்து என்பதை அவர்கள் உங்களிடமிருந்தே கற்றுக்கொண்டிருக்கிறார்கள். தமிழும் ஒடியாவும் பேசுகிறவர்கள் ஆங்கிலக் கேள்வித்தாளில் ஒருவர் விடாமல் எட்டுக்கு மேல் வாங்குவதைப் பார்த்து நீங்கள் ஏன் ஆச்சரியப்படவில்லை? சூப்பர்வைசர் விடைகளை உரக்கப் படித்திருப்பார். உங்கள் அக்காவுக்கு நீங்கள், மற்றவர்களுக்கு அவர். தேர்ச்சி மதிப்பெண்ணை உயர்த்தினால் அவர் இன்னும் கொஞ்சம் உரக்கப் படிக்க வேண்டியிருக்கும், வேறொன்றும் நடக்காது.

ஆங்கிலத் தேர்வு வைக்கச் சொன்னது யார்? 2023 டிசம்பர் 28 அன்று அறிவிக்கப்பட்டு, 250 கோடி ரூபாய்க்கு உட்பட்ட ஆண்டு விற்றுமுதல் கொண்டு, கூடுதல் அவகாசம் கேட்டு விண்ணப்பித்த நிறுவனங்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை தவணை தரப்பட்ட அந்த அட்டவணை எம், உலக சுகாதார நிறுவனத்தின் நல்ல உற்பத்தி நடைமுறைகளை ஒட்டி எழுதப்பட்டது. அந்த நடைமுறைகள் பயிற்சியைப் பற்றிக் கேட்பது, அவரவர் பார்க்கும் வேலைக்குப் பொருந்திய பயிற்சி, சேரும்போது மட்டுமின்றித் தொடர்ந்து தரப்படும் பயிற்சி, அந்தப் பயிற்சி வேலையில் பலன் தருகிறதா என்ற மதிப்பீடு, இவற்றுக்கான பதிவு. அமெரிக்காவுக்கு ஏற்றுமதி செய்கிறவர்களைக் கட்டுப்படுத்தும் 211.25 ஆம் விதியும், தகுதியுள்ளவர்கள் தொடர்ச்சியாகப் பயிற்சி தர வேண்டும் என்றும், தொழிலாளி தான் செய்யும் குறிப்பிட்ட வேலையில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்றும்தான் சொல்கிறது. பத்துக் கேள்வித் தாள் என்பது ஆடிட்டுக்காக நாமே கண்டுபிடித்துக்கொண்ட வசதி. ஆனால் அனுபவமுள்ள ஆய்வாளர் கோப்போடு நிற்பதில்லை. லைனில் ஒருவரை நிறுத்தி, இந்தப் பெட்டி இங்கே கிடந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறார். அப்போது பக்கத்தில் நின்று நீங்கள் விடை எழுத முடியாது.

ஆகவே திட்டத்தை அக்காவிடமிருந்து தொடங்குங்கள். நாற்பது எஸ்.ஓ.பி.யும் பேக்கிங்கில் இருப்பவருக்கு எதற்கு? எந்த வேலைக்கு எந்த எஸ்.ஓ.பி. என்று ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தால், அவருக்கு உண்மையில் தேவைப்படுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவையாகவே இருக்கும். அவற்றுள் முதன்மையானது லைன் கிளியரன்ஸ். முந்தைய மருந்தின் லேபிள், அட்டைப்பெட்டி, துண்டுத்தாள், சிந்திய மாத்திரை எதுவுமே மிச்சமில்லை என்று பார்ப்பது. மேசைக்கு அடியில், கன்வேயரின் மடிப்பில், குப்பைக் கூடையில், அச்சடிக்கும் இயந்திரத்தின் தட்டில் பார்ப்பது. வாங்கிய லேபிள் எத்தனை, ஒட்டியது எத்தனை, கிழித்து அழித்தது எத்தனை, திரும்பக் கொடுத்தது எத்தனை என்று கணக்குச் சேர்ப்பது. சேராவிட்டால் லைனை ஓடவிடாமல் நிறுத்திச் சொல்வது. இவை யாவும் கையாலும் கண்ணாலும் செய்கிற வேலைகள். இவற்றை ஸ்லைடில் காட்டிவிட்டு ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால், உங்களால் அளக்க முடிவது அவருடைய ஆங்கிலத்தை மட்டும்தான்.

தெரிகிறதா என்று அறிய, லைனிலேயே வைத்துப் பாருங்கள். மதிப்பீட்டாளர் யாருக்கும் தெரியாமல் முந்தைய பேட்ச்சின் பெட்டி ஒன்றை ஒளித்துவைக்கட்டும். அது நிஜ உற்பத்தி நடக்காத நேரத்தில், எண்ணி வைத்து எண்ணி எடுக்கப்படட்டும். அக்கா அதைக் கண்டுபிடிக்கிறாரா, கண்டுபிடித்தபின் கையில் எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறாரா, அல்லது நிறுத்திவிட்டுச் சூப்பர்வைசரை அழைக்கிறாரா என்பதை, தமிழில் அச்சிட்ட சரிபார்ப்புப் படிவத்தில் மதிப்பீட்டாளர் அங்கேயே குறித்துக் கையெழுத்திடட்டும். ஏன் நிறுத்தினீர்கள் என்று வாய்மொழியாக ஒரே ஒரு கேள்வி போதும். அக்கா சொல்வதை அவர் சொன்னபடியே எழுதிப் படித்துக் காட்டி, அதன் கீழ் அவரிடம் கையெழுத்து வாங்கலாம். ஒடிசா இளைஞர்களுக்கு அவர்கள் மொழி தெரிந்த ஒருவர் உடனிருக்கட்டும். தேறாதவருக்குத் தேறவில்லை என்றே எழுதுங்கள். இதுவரை ஒருவர்கூடத் தோற்காத உங்கள் ரிஜிஸ்டரை, கண் உள்ள எந்த ஆய்வாளரும் நம்பமாட்டார்.

அக்காவை மதிப்பிடுகிறவர் நீங்களாக இருக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது.

வகுப்பு நேரத்தையும் மாற்றுங்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் வரை போய்ச் சேர்ந்து, பிள்ளைகளுக்குச் சோறு பொங்க வேண்டிய ஒரு பெண்ணை ஷிஃப்ட் முடிந்தபின் உட்காரவைத்தால், அவர் காதில் விழுவது கடிகாரம் மட்டுமே. வாரத்தில் ஒரு நாள், வேலை நேரத்துக்குள், சம்பளத்தோடு, இருபது நிமிடம் போதும். உற்பத்தி கெடும் என்று முதலாளி சொல்வார், கெடட்டும். ஆலோசகரும் மென்பொருளும் இப்போதைக்கு வேண்டாம். மென்பொருள் வாங்கினால் அக்காவின் கடவுச்சொல்லும் உங்களிடமே இருக்கும்.

இன்னொன்று. அந்த அட்டைப்பெட்டி விவகாரத்துக்கு நீங்கள் எழுதிய திருத்த நடவடிக்கை என்னவென்று கடிதத்தில் இல்லை, ஆனால் என்னால் ஊகிக்க முடிகிறது: "சம்பந்தப்பட்ட தொழிலாளருக்கு மறுபயிற்சி அளிக்கப்பட்டது." இந்தத் துறையின் எல்லாத் தவறுகளையும் விழுங்கிவிடுகிற வாக்கியம் இது. மேசைக்கு அடியில் வெளிச்சம் இருந்ததா, அடுத்த பேட்ச்சைத் தொடங்கச் சொல்லி அவசரப்படுத்தியது யார், இரண்டாவதாகச் சரிபார்க்க வேண்டியவர் வந்து பார்த்தாரா, அல்லது அறையிலிருந்தே கையெழுத்திட்டாரா என்று கேட்காமல் மறுபயிற்சி என்று எழுதுவது, பழியைக் கீழே தள்ளுகிற வேலை. அந்த இரண்டாவது கையெழுத்து உங்கள் பிரிவுடையதுதானே?

நீங்கள் இருமல் மருந்தும் தயாரிக்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். 2025 இல் காஞ்சிபுரம் மாவட்டத்து ஆலை ஒன்றில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள். 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருள் அந்த மருந்தில் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழக ஆய்வகம் கண்டது. அங்கே யார் எந்தத் தாளில் கையெழுத்திட்டார்கள் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் ஆலையில் ஒரு மூலப்பொருள் டிரம்மின் லேபிளில் ஐயம் வந்தால், எட்டாம் வகுப்புப் படித்த ஒரு பெண், முதலாளி முன்னால் நின்று, இதைத் திறக்கக் கூடாது என்று சொல்வாரா? சொன்னால் வேலை போகாது என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா? பயிற்சியில் நீங்கள் சேர்க்க வேண்டிய பாடம் இது, அதை முதலாளிதான் வந்து நடத்த வேண்டும்.

இதுவரை நிரப்பிய தாள்களை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். கிழிக்காதீர்கள், அக்காவை உட்காரவைத்துப் பழைய தேதியில் மறுபடி எழுதவும் வைக்காதீர்கள். முதலில் வீட்டில் அக்காவிடம் சொல்லுங்கள், நடந்தது இன்னதென்றும் இதனால் அவருக்கு என்ன ஆபத்து இருந்ததென்றும். அவர் திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் துறைத் தலைவரிடம் போய், உங்கள் பெயரிலேயே டீவியேஷன் பதிவு செய்யுங்கள். அந்தத் தாள்கள் செல்லாது என்று குறிக்கப்பட்டு, கோப்பிலேயே இருக்கட்டும். அந்த மாதங்களில் அவர் கையாண்ட பேட்ச்களின் பேக்கிங் பதிவுகளையும் லேபிள் கணக்கையும் ஒவ்வொரு பேட்ச்சிலிருந்தும் எடுத்துவைத்த கன்ட்ரோல் சாம்பிள்களையும் வேறொருவர் சரிபார்க்கட்டும். மறுமதிப்பீடு முடியும்வரை அக்கா மேற்பார்வையின் கீழ் வேலை பார்க்கட்டும். சொல்லிக்கொடுத்தவரும் சோதித்தவரும் நீங்களே என்பதால், மற்றவர்களின் தாள்களையும் அந்த விசாரணை தொடத்தான் செய்யும். உங்கள் வேலைக்கு ஆபத்து வரலாம். வந்தால் அது உங்களுக்கு வரட்டும், அவருக்கு வரக் கூடாது. தம்பி என்று ஒருவன் இருப்பது வேறு எதற்கு?

அக்கா லைனில் தேறிவிட்டால், அவருக்கு முறையாகப் பயிற்சியாளர் தகுதி தந்து, புதிதாகச் சேரும் பெண்களுக்கு லைன் கிளியரன்ஸ் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் அதற்கான கூடுதல் ஊதியத்தையும் கொடுக்கும்படி நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்கலாம். அந்தக் கோரிக்கையை உற்பத்தித் தலைவர் எழுதட்டும், நீங்கள் எழுதாதீர்கள்.