மனை விற்பவர் யார்? பொதுப் பதிவுகளில் தேடுவது எப்படி: கேள்வி-பதில்

கேள்வி: மதுராந்தகம் பக்கம் 1,200 சதுர அடி மனை ஒன்று பார்த்திருக்கிறோம். விற்க வந்திருப்பவர் உரிமையாளர் இல்லை, பவர் ஏஜென்ட், அதாவது உரிமையாளர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தை (பவர்) வைத்து அவர் சார்பில் விற்பவர். உரிமையாளர் துபாயில் இருக்கிறாராம். இரண்டு லட்சம் அட்வான்ஸ் கேட்கிறார். இவர்கள் சொல்வதெல்லாம் உண்மைதானா என்று அரசுப் பதிவுகளில் நாங்களே தேடிப் பார்க்க முடியுமா?

பதில்: முடியும். வீட்டில் உட்கார்ந்தே முக்கால்வாசி வேலையை முடிக்கலாம், அதுவும் பெரும்பாலும் இலவசமாக. ஆனால் அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். பணம் கொடுத்த பிறகு தேட உட்கார்ந்தால், கண்ணில் படும் குறையையெல்லாம் "பரவாயில்லை" என்று ஒதுக்கவே மனம் பார்க்கும்.

ஆளின் பெயரை வைத்துத் தேடலைத் தொடங்காதீர்கள். ஒரே இனிஷியலில், ஒரே பெயரில் ஒரு தாலுகாவில் எத்தனையோ பேர் இருப்பார்கள். சர்வே எண்ணை வைத்துத் தொடங்குங்கள். அந்த நிலம் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று பார்த்துக்கொண்டே வந்தால், சம்பந்தப்பட்ட ஆட்கள் தாமாகவே வெளியே வருவார்கள். அந்த வரிசையில் இல்லாத ஒருவர் விற்க வந்தால், அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

முதலில் இ.சி., அதாவது வில்லங்கச் சான்றிதழ்: அந்த நிலத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல். தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு எண் கொடுத்தால் பார்க்கலாம். பார்க்கக் கட்டணம் இல்லை, கையொப்பமிட்ட நகல் வேண்டுமென்றால்தான் கட்டணம். பெரும்பாலான அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தைய பதிவுகள் இணையத்தில் உள்ளன. அதற்கும் முந்தையது வேண்டுமென்றால் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து வருடத்துக்கு மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், குறைந்தது முப்பது வருடம் பாருங்கள்.

பலரும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. இன்றைக்கு 112/2பி என்று இருக்கும் நிலம், முன்பு 112/2 ஆகவும் அதற்கும் முன்பு வெறும் 112 ஆகவும் இருந்திருக்கும். இன்றைய எண்ணை மட்டும் போட்டால் பழைய அடமானமும் பாகப்பிரிவினையும் திரையில் வராது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டுப் பணியில் பல கிராமங்களில் எண்களே மாறின. மூலப் பத்திரத்தில் "பழைய சர்வே எண்" என்று ஒன்று இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டிலும் தேட வேண்டும். "இ.சி. சுத்தமாக இருக்கிறது" என்று ஏஜென்ட் ஒரு தாளை நீட்டினால் அதை நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். எந்த எண்ணுக்கு, எந்த ஆண்டிலிருந்து எடுத்தது என்பதைப் பொறுத்துத்தான் அந்தச் சுத்தம்.

அடுத்தது வருவாய்த்துறையின் நிலப் பதிவுகளான பட்டா, சிட்டா, அ-பதிவேடு. வருவாய்த்துறையின் இ-சேவைத் தளத்தில் மூன்றையும் பார்க்கலாம். பட்டாவில் இருக்கும் பெயரும் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஒத்துப்போகிறதா? அ-பதிவேட்டில் புறம்போக்கு என்றோ, கோயில் பெயரோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்புறம், பட்டா மட்டுமே உரிமைக்கு ஆதாரம் ஆகிவிடாது, பத்திரமும் சேர்ந்து நிற்க வேண்டும்.

இப்போது அந்த பவருக்கு வருவோம். என்னைக் கேட்டால் உங்கள் விஷயத்தில் பெரிய ஆபத்து இதில்தான். பவர் பதிவான எண், ஆண்டு, அலுவலகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அதை ரத்து செய்து பின்னால் ஏதாவது பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று இ.சி.யில் பாருங்கள். பழைய பவர்கள் சில இ.சி.யில் வராத வேறு புத்தகத்தில் பதிவாகியிருக்கும், அதனால் இ.சி.யில் ரத்து தென்படவில்லை என்பதே முடிவான பதில் ஆகாது. வெளிநாட்டில் எழுதிய பவர் என்றால், அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட்டிருக்க வேண்டும். அந்தத் தேதியைப் பத்திரத்திலேயே பாருங்கள்.

எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டால் சாதாரண பவர் அத்தோடு முடிந்துபோகும். ஆகவே உரிமையாளர் உயிரோடு இருக்கிறார், விற்கச் சம்மதிக்கிறார் என்பதை அவரிடமே வீடியோ அழைப்பில் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். "அவர் ரொம்ப பிஸி, பேச மாட்டார்" என்ற பதில் வந்தால் இந்த மனையை விட்டுவிடுங்கள். துபாயில் இருப்பவரால் பத்து நிமிடம் போனில் பேச முடியும். விலையையும் அவர் வாயாலேயே கேளுங்கள், பணத்தை அவருடைய வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள். இன்னொன்று: ஏஜென்ட் உங்களுக்குக் கிரயப் பத்திரம் தராமல் பவரை மட்டும் மாற்றித் தருகிறேன் என்றால் ஏற்காதீர்கள். கிரயப் பத்திரம் இல்லாமல் பவரை மட்டும் வைத்துச் செய்யும் விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வழக்கு இருக்கிறதா என்பதை இ.சி. பெரும்பாலும் சொல்லாது. அதற்கு நீதிமன்ற வழக்குகளின் விவரம் தரும் இ-கோர்ட்ஸ் தளம். மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு, பெயர் கொடுத்தால் நிலுவையில் உள்ளதும் முடிந்ததும் வரும். நிலம் இருக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் சொத்து வழக்கு போட வேண்டும் என்பது பொது விதி. ஆகவே மதுராந்தகம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தில் தேடுங்கள். 2019-க்கு முன்பு அந்த ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்ததால் அதையும் ஒரு முறை பாருங்கள். பெயரை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனை விதமாகவும் போடுங்கள், முருகேசனுக்கு நடுவில் எஸ் ஒன்றா இரண்டா என்பதில்கூட வழக்கு தப்பிவிடும். ஒரு சொத்தின் உரிமை பற்றிய சிவில் வழக்கு நடக்கும்போது அதை வாங்கினால் 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி அந்தத் தீர்ப்பு உங்களையும் கட்டும். வழக்கு இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

எந்த இணையதளமும் காட்டாத ஆட்களும் உண்டு: உரிமையாளரின் அக்கா தங்கைகள். அப்பா வழியாக வந்த நிலம் என்றால் அவர்கள் பங்கைப் பற்றி இ.சி.யில் ஒரு வரிகூட இருக்காது. வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள், அதில் உள்ள ஒவ்வொருவரும் தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்று பாருங்கள். பிறகு ஒரு நாள் அந்தக் கிராமத்துக்கே போய்ப் பக்கத்து மனைக்காரரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் விசாரியுங்கள். எல்லாம் சரியாக வந்தால், சேர்த்த தாள்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கருத்து வாங்கிக்கொண்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

கேள்வி: வீடு விற்பவரின் பெயரை இ-கோர்ட்ஸில் போட்டால் ஒரு மோசடி வழக்கு வருகிறது. பேசி முடித்ததை விட்டுவிடலாமா?

பதில்: அது அவர்தானா என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாக உள்ள சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் விவரம் விரியும். காவல் நிலையம், வழக்கறிஞர் பெயர், சில வழக்குகளில் தந்தை பெயர், பதிவேற்றியிருந்தால் உத்தரவின் நகல் எல்லாம் கிடைக்கும். முதல் தகவல் அறிக்கை எண் இருந்தால், தமிழ்நாடு காவல்துறையின் தளத்தில் அதையும் எடுத்துப் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்றவை தவிர மற்ற அறிக்கைகளைப் பதிவேற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் உத்தரவிட்டிருக்கிறது.

அவர்தான் என்றாலும், குற்றம் சாட்டப்பட்டதும் தண்டனை பெற்றதும் ஒன்றல்ல. விடுதலையாகியும் இருக்கலாம். அவரிடமே நேராகக் கேளுங்கள். வழக்கு சொத்து விற்பனை தொடர்பானது என்றால் நான் விலகிவிடச் சொல்வேன். வேறு ஏதோ தகராறு என்றால் பத்திரங்களை இன்னும் கூர்ந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எப்படியானாலும், திரையில் தெரிந்ததைப் படம் பிடித்துத் தெரு வாட்ஸப் குழுவில் போடாதீர்கள். அதே பெயருள்ள வேறொருவரின் மானம் அதில் போகலாம்.

கேள்வி: ஒருவரின் செல்போன் எண்ணைக் கொடுத்தால் ஆதார், வங்கி விவரம், கால் லிஸ்ட் எல்லாம் எடுத்துத் தருவதாக ஒரு விளம்பரம் வந்தது. வாடகைக்கு வருபவரைச் சரிபார்க்க இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. ஆதார், பான், வங்கிக் கணக்கு, அழைப்புப் பட்டியல் எதுவும் பொதுப் பதிவு அல்ல. யாராவது உண்மையிலேயே எடுத்துத் தந்தால் அது திருட்டுத் தகவல், தராவிட்டால் உங்கள் பணம் போகும். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

பதிவு அலுவலகத்திலேயேகூட எல்லாம் எல்லோருக்கும் திறந்திருப்பதில்லை. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆவது பிரிவுப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் இருக்கும் 1-ஆம் புத்தகத்தை யாரும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம், நகல் வாங்கலாம். உயில்கள் இருக்கும் 3-ஆம் புத்தகமும், பலவகை ஆவணங்கள் இருக்கும் 4-ஆம் புத்தகமும் அப்படியில்லை. சொத்தை வாங்குபவருக்கு உண்மை தெரிய வேண்டும், ஒருவரின் குடும்ப விஷயம் தெரிய வேண்டியதில்லை என்று பிரித்திருக்கிறார்கள். எனக்கு அது சரியாகவே படுகிறது.

வாடகைதாரரைச் சரிபார்க்க நேர்வழி இருக்கிறது. தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் சரிபார்ப்புச் சேவை என்ற பகுதியில் வாடகைதாரருக்கும் வீட்டு வேலையாளுக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்கலாம். கட்டணம் உண்டு. விண்ணப்பிக்கப் போவதை அவரிடம் முன்பே சொல்லி, அடையாள அட்டையை அவரிடமே வாங்கிக்கொள்ளுங்கள். முன்பு குடியிருந்த வீட்டுக்காரரின் எண்ணையும் கேளுங்கள். ஒழுங்காக வாடகை கொடுத்தாரா, சொன்ன தேதியில் காலி செய்தாரா என்பதை அவர் ஒரு போன் அழைப்பில் சொல்லிவிடுவார்.