குரோக் பார்க்கில் பெருநாள் தொழுகை – ஒரு கடிதம்

வணக்கம்.

நான் டப்ளினில் வேலை செய்கிறேன். உடன் வேலை செய்யும் ஐரிஷ்காரர்களோடு டீ நேரத்தில் ஆரம்பித்த பேச்சு ஒன்று வாக்குவாதமாகிவிட்டது. 2020 ஜூலை 31 அன்று, கோவிட் காலத்தில், இங்கே குரோக் பார்க் மைதானத்தில் முஸ்லிம்கள் ஹஜ்ஜுப் பெருநாள் தொழுகை நடத்தினார்கள். அதைப் பற்றித்தான். ஒருவர், அது அயர்லாந்துக்கே பெருமை என்றார். இன்னொருவர் நல்ல மனிதர், ஹர்லிங் என்ற ஐரிஷ் மரபு ஆட்டம் என்றால் உயிரை விடுபவர். அன்று தனக்கு மனது வலித்தது என்றார். "எங்கள் ஆட்கள் சுடப்பட்டுச் செத்த மண் அது. அந்த வருடம் என் அம்மா இறந்தபோது பத்துப் பேருக்கு மேல் நிற்க முடியவில்லை. அவர்களுக்கு மட்டும் எப்படி?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

என் கருத்து இது: விளையாட்டு மைதானம் விளையாட்டுக்குத்தான். எந்த மதமும் அதற்குள் வரக்கூடாது. இன்று ஒருவருக்குக் கொடுத்தால் நாளை எல்லோரும் வந்து நிற்பார்கள். வெறுப்பில் சொல்லவில்லை. மதச்சார்பின்மை என்றால் அதுதானே? நாளைக்கு நாங்கள் தீபாவளி கொண்டாட அந்த மைதானத்தைக் கேட்டால், நீங்கள் என்ன சொல்வீர்கள்?

ஒரு வாசகர், டப்ளின்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பரின் கேள்வி உங்கள் கேள்வியைவிடக் கனமானது. அதற்கு வருகிறேன். முதலில், "எந்த மதமும் மைதானத்துக்குள் வரக்கூடாது" என்று சொல்கிறீர்களே, அது நல்ல கொள்கையாகவே இருக்கட்டும். ஆனால் குரோக் பார்க் ஒருநாளும் அப்படி இருந்ததில்லை.

மைதானத்துக்குப் பெயர் தந்த தாமஸ் குரோக் யார்? காஷெல் மறைமாவட்டத்தின் கத்தோலிக்கப் பேராயர். 1884 நவம்பரில் தர்லஸ் ஊரில் ஒரு ஹோட்டலில் கூடி மைக்கேல் கியூசாக்கும் சிலரும், ஹர்லிங் போன்ற ஐரிஷ் மரபு ஆட்டங்களுக்காக, கேலிக் விளையாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். அதன் முதல் புரவலர்களில் ஒருவர் குரோக். 1913இல் சங்கம் இந்த மைதானத்தை வாங்கியபோது அவர் பெயரையே வைத்தது. கிளப்புகள் பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்குகளை ஒட்டியே அமைந்தன. பல பத்தாண்டுகளுக்கு அகில அயர்லாந்து இறுதி ஆட்டத்தில் பந்தை எறிந்து ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர் ஆயர். இரு அணித் தலைவர்களும் மண்டியிட்டு அவர் மோதிரத்தை முத்தமிடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னால் கூட்டம் முழுக்க கத்தோலிக்கத் துதிப்பாடல் பாடும். அதெல்லாம் பழைய கதை என்றால், 2012 ஜூனில் கத்தோலிக்கர்களின் உலக நற்கருணை மாநாட்டின் நிறைவுத் திருப்பலி நடந்தது இதே மைதானத்தில். 2018 ஆகஸ்டில் போப் பிரான்சிஸ் வந்தபோது குடும்பங்களின் விழாவும் இங்கேதான், அரங்கம் நிரம்பி வழிந்தது. போப் வருகையை எதிர்த்தவர்கள் உண்டு. திருச்சபை குழந்தைகளுக்கு இழைத்த கொடுமைகளை முன்வைத்து டப்ளினிலேயே பெரிய கூட்டம் போட்டார்கள். அவர்கள் பேசியது நீதியைப் பற்றி. விளையாட்டுத் திடலில் மதம் எதற்கு என்பது அன்று பெரிய கேள்வியாக எழவில்லை. 2020இல் இருநூறு பேர் தொழுகைக்கு நின்றபோது எழுந்தது. எண்பதாயிரம் பேர் கூடியபோது தோன்றாத மதச்சார்பின்மை இருநூறு பேரைக் கண்டதும் தோன்றுகிறது என்றால், அங்கே உறுத்தியது மதம் என்று நான் நம்பமாட்டேன். இன்ன மதம் என்பதுதான் உறுத்தியது.

உங்களை நான் அந்தக் கூட்டத்தில் சேர்க்கவில்லை. எல்லா மதத்துக்கும் ஒரே விதி கேட்கிறீர்கள், அது நேர்மையான நிலைப்பாடு. ஆனால் அதை அமல்படுத்துவதென்றால் போப்பிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும். முதல் முறையாக வாசலுக்கு வந்த சிறுபான்மையினரிடமிருந்து தொடங்கினால் அது பொதுவிதி ஆகாது.

இன்னொன்று. குரோக் பார்க்கைத் தேசிய மைதானம் என்கிறோம், உணர்வளவில் அது சரி. ஆனால் அது அரசின் சொத்து அல்ல. புதுப்பித்துக் கட்டியபோது அரசு பணம் கொடுத்தது உண்மை, உரிமை சங்கத்திடம்தான். யாரை உள்ளே விடலாம் என்று அந்தச் சங்கம் தனக்குள் சண்டை போட்ட வரலாறு தனிப் புத்தகமாக எழுதும் அளவுக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் உறுப்பினர்கள் கால்பந்து, ரக்பி, கிரிக்கெட் போன்ற 'அந்நிய' ஆட்டங்களை ஆடவும் கூடாது, பார்க்கவும் கூடாது. 1938இல் அயர்லாந்தின் முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைட் போலந்துடனான கால்பந்து ஆட்டத்தைப் போய்ப் பார்த்தார். நாட்டின் தலைவர் என்ற முறையில்தான் போனார். சங்கம் அவரைப் புரவலர் பதவியிலிருந்து நீக்கிவிட்டது. ஐரிஷ் மொழிக்காக வாழ்நாளைக் கொடுத்த மனிதர் அவர்! அந்தத் தடை 1971இல்தான் போனது. பிரிட்டிஷ் படையினரும் வட அயர்லாந்துப் போலீஸாரும் உறுப்பினராகக் கூடாது என்ற விதி 2001இல் போனது. வேற்று ஆட்டங்களுக்கு இந்த மைதானத்தைத் தரக்கூடாது என்ற விதி 2005இல் தளர்ந்தது. ஒவ்வொரு முறையும் வீட்டையே விற்றுவிட்டதாக ஒரு தரப்பு கதறியது. அடுத்த தலைமுறைக்கு அந்தக் கதறலின் காரணமே விளங்கவில்லை.

இப்போது உங்கள் நண்பர் சொன்ன அந்த மண். 1920 நவம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. காலையில் அயர்லாந்து விடுதலைப் போரின் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸின் ஆட்கள் டப்ளினில் பிரிட்டிஷ் உளவு அதிகாரிகளைச் சுட்டுக் கொன்றார்கள். மாலை டப்ளின் அணியும் டிப்பெரரி அணியும் ஆடிக்கொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படை மைதானத்துக்குள் புகுந்து சுட்டது. சுட்டது ஒன்றரை நிமிடம் இருக்கலாம். பதினான்கு பேர் செத்தார்கள். அதில் மூன்று பேர் சிறுவர்கள், ஒருவனுக்குப் பத்து வயது. டிப்பெரரி வீரர் மைக்கேல் ஹோகன் களத்திலேயே விழுந்தார். இன்று அங்கே இருக்கும் ஹோகன் ஸ்டாண்டில் உட்கார்பவர்கள் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டுதான் உட்கார்கிறார்கள். தொழுகை நடந்தது அந்தப் படுகொலையின் நூறாவது வருடத்தில். உங்கள் நண்பருக்கு வலித்தது என்றால் அந்த வலியை நான் மதிக்கிறேன்.

ஆனால் 2007 பிப்ரவரி 24ஐ அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். லான்ஸ்டவுன் சாலை மைதானத்தை இடித்துக் கட்ட வேண்டியிருந்ததால் ரக்பி ஆட்டங்கள் குரோக் பார்க்குக்கு வந்தன. இங்கிலாந்து அணியும் வந்தது. சுட்டவர்களின் நாட்டு கீதம், சுடப்பட்டவர்கள் விழுந்த புல்லில் ஒலிக்கப்போகிறது. எதிர்ப்புத் தெரிவித்து ஒரு பழைய வீரரின் மகன் தன் குடும்பத்துப் பதக்கங்களை அங்கிருக்கும் அருங்காட்சியகத்திலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். அன்று என்ன நடந்தது? இங்கிலாந்தின் கீதம் பாடி முடியும்வரை எண்பதாயிரம் பேர் மரியாதையாக நின்றார்கள். அப்புறம் அயர்லாந்து 43–13 என்று ஜெயித்தது. 2011இல் எலிசபெத் ராணியே வந்து பார்த்துவிட்டுப் போனார். கொன்ற சாம்ராஜ்யத்தின் கீதத்துக்கே எழுந்து நின்ற மண் அது. அந்த மண்ணில் யாரையும் கொல்லாத ஒரு டாக்ஸி ஓட்டுநரோ நர்ஸோ தன் பிள்ளையோடு நெற்றியைத் தரையில் வைத்து சஜ்தா செய்தால் இறந்தவர்களுக்கு எப்படி அவமரியாதை ஆகும்? இதை அவரிடம் சண்டையாக இல்லாமல் கேளுங்கள். அவர் யோசிப்பார் என்று நினைக்கிறேன். 1972 ஜூலையில் முகமது அலி இதே குரோக் பார்க்கில் ஆல் 'ப்ளூ' லூயிஸோடு குத்துச்சண்டை போட்டு ஜெயித்தார் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த முஸ்லிமை டப்ளின் தலையில் வைத்துக் கொண்டாடியது.

அடுத்து, "அவர்களுக்கு மட்டும் எப்படி?" இதற்குப் பதில் உணர்ச்சியில் இல்லை, அன்றைய விதியில் இருக்கிறது. அந்த ஜூலையில் அயர்லாந்தில் உள்ளரங்கில் ஐம்பது பேர், திறந்த வெளியில் இருநூறு பேர். இது எல்லோருக்கும் ஒன்றுதான். கிராமத்து கேலிக் ஆட்டங்கள் நடந்ததும் அதே இருநூறு பேர் கணக்கில்தான். இந்தத் தொழுகையை முதலில் ஐநூறு பேருக்குத் திட்டமிட்டிருந்தார்கள். அரசு அடுத்த கட்டத் தளர்வைத் தள்ளிவைத்ததும் இருநூறாகக் குறைத்தார்கள். 82,300 பேர் அமரக்கூடிய அரங்கத்தில் இருநூறு பேர் இடைவெளி விட்டுத் தொழுதார்கள். பெரிய இடத்தைத் தேர்ந்ததன் காரணமே அதுதான். அதோடு, பெருநாள் தொழுகையைத் திறந்த திடலில் தொழுவது இஸ்லாத்தில் நபிவழி. நம் ஊர்களில் ஈத்கா திடல் என்று தனியே இருப்பதும் அதனால்தான். கோவிட் வந்ததால் மட்டும் கண்டுபிடித்த ஏற்பாடு இல்லை இது.

மைதானத்தில் ஆடு அறுக்கப்போகிறார்கள் என்றும் ஒரு வதந்தி ஓடியது. குர்பானி, அதாவது பெருநாள் பலி, தொழுகை முடிந்த பிறகு கொடுப்பது. தொழும் இடத்தில் அறுப்பதில்லை. ஐரோப்பாவில் அதை உரிமம் பெற்ற அறுவைக்கூடத்தில்தான் செய்ய முடியும்.

ஆனால் உங்கள் நண்பர் விதியைப் பற்றியா கேட்டார்? அவர் அம்மாவைப் பற்றிக் கேட்டார். அந்த வசந்தத்தில் அயர்லாந்தில் சவ அடக்கத்துக்குப் பத்துப் பேருக்கு மேல் அனுமதி இல்லை. ஊரே கூடி, சவப்பெட்டியைச் சுற்றி இரவெல்லாம் விழித்திருந்து, பேசி அழுது சிரித்து அனுப்பிவைக்கும் மக்கள் அவர்கள். அதைப் பறிகொடுத்தவர் தொலைக்காட்சியில் ஒரு கூட்டு வழிபாட்டைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கத்தான் செய்யும். அதை வெறுப்பு என்று சொல்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். அவரிடம் விவாதத்தில் ஜெயிக்க வேண்டாம். அம்மாவைப் பற்றிக் கேளுங்கள், அவர் சொல்வதை முழுசாகக் கேளுங்கள். ஒன்றை மட்டும் எப்போதாவது சொல்லுங்கள்: அதே வசந்தத்தில் பள்ளிவாசல்களும் மூடியே இருந்தன. ரமலான் மாதம் முழுக்க தராவீஹ் என்ற இரவுத் தொழுகை வீட்டில்தான். மே மாத இறுதியில் வந்த நோன்புப் பெருநாளும் வீட்டுக்குள்தான். அவர்கள் வீட்டுச் சவ அடக்கத்துக்கும் பத்துப் பேர்தான். இரண்டு வீட்டிலும் ஒரே துக்கம். அன்று மைதானத்துக்கு வெளியே நின்று கோஷம் போட்ட சிறு கூட்டம் அந்தத் துக்கத்தைப் பக்கத்து வீட்டுக்காரன் மேல் கோபமாக மாற்றப் பார்த்தது. எனக்குக் கோபம் அவர்கள் மேல்தான்.

அந்தக் காட்சியில் என்னைத் தொட்டது வேறொன்று. அயர்லாந்துக் கத்தோலிக்கர்களே பதினெட்டாம் நூற்றாண்டில், கத்தோலிக்க வழிபாட்டை ஒடுக்கிய பிரிட்டிஷ் தண்டனைச் சட்டங்களின் கீழ், மலைச்சரிவில் ஒரு பாறையைப் பீடமாக வைத்துத் திறந்த வெளியில் திருப்பலி கண்டவர்கள். அந்தப் பாறைகளில் பல இன்றும் இருக்கின்றன. வழிபட இடமில்லாமல் வெட்டவெளியில் நின்ற நினைவு கொண்ட மக்கள், இன்னொருவருக்கு வெட்டவெளியைத் திறந்துகொடுத்தார்கள். டப்ளினின் கத்தோலிக்கப் பேராயர் டயர்மிட் மார்ட்டினும், ஆங்கிலிக்கன் சபையான அயர்லாந்து திருச்சபையின் பேராயர் மைக்கேல் ஜாக்சனும், யூத ரபியும் அன்று வந்திருந்தார்கள். பேராயர் குரோக்கின் பெயர் தாங்கிய இடத்தில் பேராயர் மார்ட்டின் வந்து உட்கார்ந்ததைவிடப் பெரிய பதிலை நான் எழுதிவிட முடியாது.

எனக்கும் ஒரு நெருடல் உண்டு, மறைக்கவில்லை. ஏற்பாடு செய்த இமாம் உமர் அல்-காதிரி, ஐரிஷ்காரராகவும் முஸ்லிமாகவும் ஒருசேர இருக்க முடியும் என்று காட்ட விரும்பினார். நல்ல நோக்கம். நேரலையாகவும் காட்டினார்கள். ஆனால் 2016 கணக்கெடுப்பின்படி அறுபத்து மூவாயிரம் பேர், அதாவது நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லாத ஒரு சமூகம், ஒரு பெருநாள் தொழுகையைக்கூட நாட்டுப்பற்றுக்குச் சான்றிதழாகக் காட்ட வேண்டியிருக்கிறதே என்பது எனக்கு வருத்தம். போப்பின் விழாவுக்கு வந்த யாரும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. அதனால், 2021இலும் அங்கே தொழுகை நடந்தபோது முதல் வருடத்து ஆரவாரம் இல்லை என்பது எனக்குச் சந்தோஷம். செய்தியாக இல்லாமல் போவதுதான் நல்லது.

"நாளை எல்லோரும் வருவார்கள்" என்று பயப்படுகிறீர்கள். வரட்டுமே. அந்த மைதானம் பாட்டுக் கச்சேரிக்கும் மாநாட்டுக்கும் வாடகைக்கு விடப்படுகிறது. 2014இல் அமெரிக்கப் பாடகர் கார்த் புரூக்ஸின் ஐந்து கச்சேரிகளுக்கு அக்கம்பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்து, ஐந்துமே நின்றுபோனது. சத்தம், நெரிசல், எத்தனை இரவு என்பதெல்லாம் நியாயமான கேள்விகள். அவற்றை யாரிடமும் கேட்கலாம், முஸ்லிம்களிடமும் கேட்கலாம்.

தீபாவளிக்கு என்ன சொல்வேன் என்றீர்கள். கேளுங்கள் என்பேன். வாடகையைக் கட்டுங்கள், அன்று ஆட்டம் இருந்தால் வேறு தேதி பாருங்கள், பட்டாசு கூடாது என்றால் கேட்டுக்கொள்ளுங்கள், பக்கத்துத் தெருக்காரர்களையும் கூப்பிடுங்கள். புல் கெட்டுவிடும் என்று மறுத்தால் அது அவர்கள் உரிமை. இந்துப் பண்டிகை என்பதற்காக மறுத்தால் எனக்கு எழுதுங்கள். அதை எதிர்த்து இதே இடத்தில் எழுதுவேன்.

அன்புடன்.