‘சிலம்பம்’ என்ற பெயரை ஒருவர் மட்டும் சொந்தம் கொண்டாட முடியுமா?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் பல வருடங்களாகப் பிள்ளைகளுக்குச் சிலம்பம் கற்றுத் தருகிறேன். வேறு மாவட்டத்துச் சங்கம் ஒன்று, ‘சிலம்பம்’ தங்கள் டிரேட்மார்க் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. பிளக்ஸ், ரசீது, சான்றிதழ் எதிலும் அந்தப் பெயர் இருக்கக் கூடாதாம். இருந்தால் நஷ்டஈடு வழக்காம். 15 நாளில் ஓர் உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பவும் சொல்கிறார்கள். பெயரை மாற்றத்தான் வேண்டுமா ஐயா?

பதில்: வேண்டாம். அந்த உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்தும் போடாதீர்கள். பெயர் அவர்களுடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால், நாளை கோர்ட்டில் அவர்கள் முதலில் நீட்டும் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

1999ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் (டிரேட்மார்க்) சட்டத்தின் 9(1) பிரிவு தெளிவாக இருக்கிறது. என்ன சேவை என்பதை மட்டும் சொல்கிற சொல்லையும், அந்தத் தொழிலில் எல்லோரும் புழங்குகிற சொல்லையும் தனிச் சின்னமாகப் பதியக் கூடாது. நீண்ட காலப் பயன்பாட்டால் அந்தச் சொல் ஒருவரை மட்டுமே குறிப்பதாக ஆகிவிட்டால் விதிவிலக்கு உண்டு. ஆனால் ஊருக்கு ஊர் ஆசான்கள் இருக்கிற ஒரு கலையில் அதை நிரூபிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. சிலம்பம் என்பது ஒரு விளையாட்டின் பொதுப்பெயர் என்பதற்கு இதுவும் சான்று: 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாகவே இடம்பெற்றது.

பிறகு எப்படிப் பதிவு கிடைத்தது? நோட்டீசோடு வந்த சான்றிதழ் நகலை நன்றாகப் பாருங்கள். ‘சிலம்பம்’ என்ற வெறும் சொல் இருக்கிறதா, அல்லது வட்டத்துக்குள் இரண்டு கம்பு, நடுவில் ஒரு வீரர், ஓரத்தில் சங்கத்தின் பெயர் என்று ஒரு லோகோ இருக்கிறதா? இப்படிப்பட்ட வழக்குகளில் பெரும்பாலும் லோகோதான். அப்படியானால், 17ஆம் பிரிவின்படி உரிமை அந்த முழு வடிவத்துக்குத்தான். உள்ளே இருக்கும் பொதுச்சொல்லுக்குத் தனி உரிமை கிடையாது. பதிவு எண்ணை வைத்து வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே தேடலாம். எந்த வகுப்பில், அதாவது எந்த வகைச் சேவைக்குப் பதிந்தது (பயிற்சி, விளையாட்டுக்கு 41), ஏதாவது நிபந்தனையோடு பதிவானதா என்பதையும் அங்கேயே பாருங்கள்.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு சண்டை நடந்தது. ரோரியன் கிரேசி என்பவர் தன் குடும்பப் பெயரையும் ஒரு தற்காப்புக் கலையின் பெயரையும் சேர்த்த ‘கிரேசி ஜியு-ஜிட்சு’ என்ற பெயரைப் பதிந்து வைத்துக்கொண்டு, பெரியப்பா மகன் கார்லி கிரேசியோடு மோதினார். பெயர்ப் பதிவு ரத்தானது. 2000இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஆனால் ரோரியனின் முக்கோண லோகோவைக் கார்லி மீறியதாகத்தான் தீர்ப்பு. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் உங்களுக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. அவர்கள் லோகோவின் சாயல்கூட உங்கள் பிளக்ஸில் இருக்கக் கூடாது. இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

ஒருவேளை வெறும் சொல்லே பதிவாகியிருந்தால்? அப்போதும் 30(2)(அ) பிரிவு உங்கள் பக்கம்: சேவையின் தன்மையைச் சொல்ல அந்தச் சொல்லைப் பயன்படுத்துவது மீறல் ஆகாது. 57ஆம் பிரிவில் பதிவை நீக்கச் சொல்லிப் பதிவாளரிடமோ உயர் நீதிமன்றத்திலோ மனுப் போடலாம். இதற்கு ஆதாரம் வேண்டும். பழைய சான்றிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், தேதியோடு இருக்கும் போட்டோ எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது: 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் நோட்டீஸ். பேசாமல் இருந்துவிடாதீர்கள். 134ஆம் பிரிவின்படி அவர்கள் தங்கள் ஊரிலேயே வழக்குப் போடலாம், உங்களைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கப் பார்க்கலாம். அதனால் அந்த மாவட்ட நீதிமன்றத்தில் ‘என் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது’ என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் கேவியட் மனு ஒன்றைத் தாக்கல் செய்துவிடுங்கள். 90 நாள் செல்லும். ஆதாரமில்லாமல் மிரட்டினால் 142ஆம் பிரிவில் நீங்களே வழக்குப் போடவும் வழியுண்டு, ஆனால் அவர்கள் மீறல் வழக்கைத் தொடங்கி முறையாக நடத்தினால் உங்கள் வழக்கு நிற்காது, அவசரப்பட வேண்டாம்.

அப்புறம், உங்கள் கூடத்துக்கென்று ஒரு தனிப்பெயரும் லோகோவும் இருந்தால் அதைப் பதிந்துகொள்ளுங்கள். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய்.