வைத்தியம் ஜிப்மரில், வீடு காட்டுமன்னார்கோவிலில்: மாற்றுத்திறனாளி சான்று எங்கே வாங்குவது?

காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார். அப்பாவுக்கு 58 வயது, விவசாயக் கூலி. எட்டு மாதத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துவிட்டது, பேச்சும் குழறுகிறது. புதுச்சேரியில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனையில் பார்த்திருக்கிறார்கள். சான்றுக்குக் கடலூர்தான் போகவேண்டுமா, புதுச்சேரியில் வாங்கினால் தமிழ்நாட்டில் செல்லாதா என்பது அவருடைய கேள்வி. இன்னொன்றும் இருக்கிறது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் சித்தப்பா வீட்டு முகவரிக்கு ஆதாரையும் ரேஷன் கார்டையும் மாற்றிவிட்டால் அங்கே உதவித்தொகை கூடுதலாம், அதோடு சான்றில் ஊனத்தின் அளவை 80 சதவீதம் என்று 'போட்டுத் தர' ஒருவர் பன்னிரண்டாயிரம் கேட்கிறாராம். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இந்தப் புரோக்கர்களால் வருவது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சான்றுக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. இ-சேவை மையத்தில் பதிவு செய்து தருவதற்கு ஒரு சின்னத் தொகை வாங்குவார்கள், அவ்வளவுதான். சதவீதத்தை முடிவு செய்வது அப்பாவை நேரில் சோதிக்கும் மருத்துவர்கள். அந்த ஆள் அந்த அறைக்குள்ளேயே வரமுடியாது. பிறகு எப்படிச் சம்பாதிக்கிறார்? பத்துப் பேரிடம் பணம் வாங்குகிறார், நான்கு பேருக்கு இயல்பாகவே அதிக சதவீதம் வந்துவிடுகிறது, அது 'நான் முடித்தது' ஆகிவிடுகிறது. மற்ற ஆறு பேரும் வெட்கத்தில் வெளியே சொல்வதில்லை. முகவரி மாற்றுவது இன்னும் மோசம். பொய்யான தகவலில் மாற்றுத்திறனாளிக்கான சலுகை வாங்கினால் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாட்டுவது உங்கள் அப்பா பெயர். புரோக்கர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

இப்போது சான்று. அதே சட்டத்தின் 58-ஆவது பிரிவு, முறையாகத் தரப்பட்ட சான்று நாடு முழுக்கச் செல்லும் என்று ஒரே வரியில் சொல்கிறது. 'புதுச்சேரி சீல் இங்கே செல்லாது' என்று யாராவது சொன்னால், எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுதித் தரமாட்டார்கள்.

எங்கே வாங்குவது? வழக்கமாக முகவரிச் சான்றில் உள்ள மாவட்டத்தில். இதற்கு ஒரு விலக்கு இருக்கிறது, உங்களைப் போன்றவர்களுக்கு அது முக்கியம், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த ஊனத்துக்காகச் சிகிச்சை எடுத்த, எடுத்துக்கொண்டிருக்கிற அரசு மருத்துவமனையிலும் விண்ணப்பிக்கலாம். யுடிஐடி (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பும்போது சிகிச்சை பெறும் மருத்துவமனை வேறு மாநிலத்திலா, வேறு மாவட்டத்திலா என்று ஒரு கேள்வி வரும். பதிவு செய்து தருபவர் அவசரத்தில் அதைத் தாண்டிவிடுவார், விண்ணப்பம் நேராகக் கடலூருக்குப் போய்விடும், நீங்கள் ஜிப்மர் இருக்கும் கோரிமேட்டில் போய் நிற்பீர்கள், அங்கே 'உங்க மாவட்டத்துக்குப் போங்க' என்பார்கள். அவர்கள் திரையில் உங்கள் விண்ணப்பமே இருக்காது. அதனால் பக்கத்தில் நின்று அந்த இடத்தைச் சரியாக நிரப்பச் சொல்லுங்கள். ஜிப்மரில் அடுத்த பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே அங்குள்ள சமூகப் பணியாளரிடம் எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு அதற்கப்புறம் பதிவு செய்யுங்கள். வெறும் சான்றுக்காகத் தனியாக ஒரு பயணம் என்றால், புதுச்சேரியைவிட சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி உங்களுக்குப் பக்கம். அங்கே நடக்கிறதா, முகாம் எப்போது என்று கேட்டுப் பாருங்கள். ஜிப்மர் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஸ்கேன் அறிக்கையும் எங்கே போனாலும் வேண்டும்.

நரம்பு சம்பந்தமான குறைபாட்டை ஆறு மாதம் கழித்துத்தான் மதிப்பிடுவார்கள். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது, சரி. அப்பாவுக்குப் பேச்சு குழறுவதையும் தனியாக மதிப்பிடச் சொல்லுங்கள். கிராமத்தில் எல்லாவற்றையும் 'வாதம்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், கை காலைப் பார்த்து எழுதி அனுப்பிவிடுகிறார்கள். சட்டத்தில் உள்ள 21 வகைகளில் பேச்சும் மொழியும் ஒன்று. இரண்டு சதவீதத்தையும் அப்படியே கூட்டமாட்டார்கள், ஆனால் மொத்தம் உயரும்.

ஏன் இதை வலியுறுத்துகிறேன் என்றால், 40 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் தமிழ்நாட்டில் வருவாய்த் துறை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பிக்கலாம், 2023 ஜனவரியில் அதை 1,500 ரூபாய் ஆக்கினார்கள். கடுமையான பாதிப்பு, 75 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் மாற்றுத்திறனாளிகள் நலத் துறையின் பராமரிப்பு உதவி, மாதம் 2,000. சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தால் 90 நாளைக்குள் மேல்முறையீடு செய்யலாம். எல்லோரும் புரோக்கரிடம்தான் மேல்முறையீடு செய்கிறார்கள்.

எனக்கு எரிச்சல் வருகிற இடம் இதுதான். அந்தச் சதவீதம் உடம்பை மட்டும் அளக்கிறது. கை எவ்வளவு மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம், அவ்வளவுதான். அதே 55 சதவீதத்தோடு முத்தியால்பேட்டையில் ஒருவர் கல்லாவில் உட்கார்ந்து கடையைப் பார்த்துக்கொள்ளலாம், ஆட்டோ பிடித்து இயன்முறைப் பயிற்சிக்குப் போகலாம். உங்கள் அப்பாவுக்கு வரப்பில் நடக்கமுடியாது, நடவு, அறுப்பு போனது, பஸ் நிற்குமிடம் வரை போவதே ஒரு வேலை. தாளில் இருவரும் ஒன்று! 2018-இல் எடுத்த 76-ஆவது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளிகள் கிராமத்தில் 2.3 சதவீதம், நகரத்தில் 2.0. நாடு முழுக்க அவர்களில் சான்று வைத்திருந்தவர்கள் 28.8 சதவீதம். மீதிப் பேரை எங்கே தேடுவது என்று அலுவலகங்களுக்குத் தெரியாதாம், புரோக்கருக்கு மட்டும் ஒவ்வொரு தெருவும் தெரிகிறது.

சித்தப்பா வீட்டுக்கே குடிபோகலாமா என்று யோசிப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உதவித்தொகைக்காக என்றால் வேண்டாம். பயிற்சிக்காகச் சில மாதம் தங்குவது வேறு விஷயம், அதற்கு ஆதாரை மாற்றத் தேவையில்லை. ஊரிலேயே இருப்பதாக இருந்தால் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறை சிகிச்சை தரவேண்டும், 2021-இல் இருந்து நடக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரை எழுதிவைக்கச் சொல்லுங்கள். வரவில்லை என்றால் மறுபடி போய்க் கேளுங்கள், கேட்காத வீட்டுக்கு யாரும் வருவதில்லை. இரத்த அழுத்த மாத்திரையும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். சான்று வர மூன்று மாதம்கூட ஆகலாம், மாத்திரையை அதுவரை ஒருநாள்கூட நிறுத்தாதீர்கள்.